அழித்த கோப்பு எங்கே போகிறது?

பென்ஷன் ஆணை, பான் அட்டையின் நகல், வங்கிக் கணக்கு விவரம், பேரக்குழந்தைகளின் படங்கள் என்று நம்மில் பலர் எல்லாவற்றையும் இன்று கணிப்பொறியில்தான் வைத்திருக்கிறோம். வேண்டாதவற்றை ‘டெலீட்’ செய்கிறோம். ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்துவிட்டு, அத்துடன் அவை ஒழிந்தன என்று எண்ணுகிறோம். உண்மையில் ஒழிந்தனவா? இதற்கு விடை தெரிந்துகொண்டால், கைதவறி அழித்ததை மீட்கவும் முடியும். பழைய கணிப்பொறியோடு நம் அந்தரங்கத்தையும் சேர்த்து விற்காமல் இருக்கவும் முடியும்.

பட்டியல் வேறு, சரக்கு வேறு

ஹார்ட் டிஸ்க் முழுவதும் ‘கிளஸ்டர்’ எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். விண்டோஸில் ஒரு கட்டம் வழக்கமாக 4,096 பைட். 10,000 பைட் உள்ள கடிதம் மூன்று கட்டங்களில் அமரும். எந்தக் கோப்பு எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதற்குத் தனியே ஒரு பட்டியல் உண்டு.

ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்போது, அந்தப் பட்டியலில் ‘இக்கட்டங்கள் காலி’ என்று குறிக்கப்படுகிறது. அவ்வளவுதான். கட்டங்களில் உள்ள எழுத்துகளை யாரும் தொடுவதில்லை. ரயில் ரிசர்வேஷன் சார்ட்டில் ஒருவர் பெயரை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் படுக்கையை விட்டு இறங்கிவிட்டாரா? இல்லை. அந்த இடத்துக்கு வேறொருவர் வந்து சேரும்வரை அங்கேயேதான் படுத்திருப்பார்!

பல பென் டிரைவ்களில் உள்ள ‘ஃபேட்32’ முறையில் இதைத் தெளிவாகக் காணலாம். கோப்பை அழித்ததும், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண் எழுதப்படும். ‘இது அழிக்கப்பட்டது’ என்பதற்கு அதுவே அடையாளம். 1991-இல் வந்த டாஸ் 5-இல் ‘அன்டெலீட்’ என்ற கட்டளை இருந்தது. கோப்பை மீட்கும்போது அது நம்மிடம் பெயரின் முதல் எழுத்தைக் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

மீட்க வேண்டுமானால்

வேறொரு கோப்பு வந்து அதே கட்டங்களில் எழுதப்பட்டால்தான் பழையது மறையும். ஆகவே முக்கியமான கோப்பைத் தவறுதலாக அழித்துவிட்டால், உடனே அந்த டிஸ்க்கில் வேலை செய்வதை நிறுத்துங்கள். மீட்பு மென்பொருளை அதே டிஸ்க்கில் ஏற்றாதீர்கள். மீட்க நினைத்த கோப்பின் மேலேயே அது எழுதப்பட்டுவிடலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணிப்பொறியில் இணைத்துப் பார்ப்பதே நல்லது.

விற்க வேண்டுமானால்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபின்கலும் அபி ஷெலட்டும், விலைக்கு வாங்கிய 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளைச் சோதித்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டனர். வேலை செய்த 129-இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றில் கடிதங்களும், மருத்துவக் குறிப்புகளும், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் கிடைத்தன. ஒரு டிஸ்க் வங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து வந்தது! நேரு பிளேஸ் கடைக்கோ, வாசலில் வரும் கபாடிவாலாவுக்கோ பழைய கணிப்பொறியைக் கொடுக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள். ‘குவிக் ஃபார்மட்’டும் போதாது, அது புதிய பட்டியலைப் போடுவதோடு சரி.

எஸ்.எஸ்.டி. என்ற புதுவகை

சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி.யில் கதை வேறு. 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதல், கோப்பை அழித்ததும் ‘டிரிம்’ என்ற கட்டளை எஸ்.எஸ்.டி.க்குச் செல்கிறது. காலியான கட்டங்களை அது தானே துடைத்துவிடும். எனவே அழித்ததை மீட்பது பெரும்பாலும் முடியாது. இதை நம்பிக் கவனமின்றி விற்றுவிடவும் கூடாது. சில்லுகள் சீராகத் தேயவேண்டும் என்பதற்காக எஸ்.எஸ்.டி. எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பழைய பிரதி எங்காவது தங்கியிருக்கலாம்.

செய்ய வேண்டியவை

1. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், முழுவதும் ஒருமுறை சுழியம் எழுதினால் போதும். 1996-இல் பீட்டர் குட்மன் 35 முறை எழுதும் முறையைச் சொன்னார். அது அக்கால டிஸ்க்குகளைக் கருதியது. விஸ்டா முதலான விண்டோஸில், ‘குவிக்’ என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால் சுழியம் எழுதப்படும்.

2. எஸ்.எஸ்.டி.க்கு, அதைத் தயாரித்த நிறுவனம் தரும் ‘செக்யூர் எரேஸ்’ வசதியைப் பயன்படுத்துங்கள்.

3. வாங்கிய அன்றே டிஸ்க்கைச் சங்கேத மொழியில் பூட்டும் ‘என்கிரிப்ஷன்’ வசதியை இயக்குவது எல்லாவற்றிலும் சிறந்தது. சாவியை அழித்தால் மிஞ்சுவது பொருளற்ற எழுத்துக் குவியல். இன்றைய செல்போன்களில் ‘ஃபேக்டரி ரீசெட்’ இப்படித்தான் வேலை செய்கிறது.

4. பழுதாகி ஓடாத டிஸ்க்கிலும் விவரம் இருக்கும். அதன் தட்டுகளைத் துளையிட்டு நொறுக்கிவிடுங்கள். எஸ்.எஸ்.டி.யானால் ஒவ்வொரு சில்லும் உடைய வேண்டும்.

5. இணையத்தில் உள்ள பிரதிகளை மறவாதீர்கள். ஜிமெயிலில் அழித்த கடிதம் ‘டிராஷ்’ பகுதியில் 30 நாட்கள் இருக்கும்.

அழித்தது திரும்பி வரும் என்று நம்பியிருக்கவும் வேண்டாம். அழித்தது போய்விட்டது என்று அசந்திருக்கவும் வேண்டாம். வேண்டியதற்கு இன்னொரு பிரதி வையுங்கள். வேண்டாததை முறையாகத் துடையுங்கள். வீட்டில் பழைய கணிப்பொறி தூசி படிந்து கிடந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைத் திறந்து பாருங்கள்.