முதலில் டயர், கடைசியில் ரீமேப்

தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் வேலை என்றால் உடனே வரும் கேள்வி, "டயர் கம்பெனியா?" மிஷலின் ஆலையால் ஊருக்கு வந்த பெயர் அது. நான் இருப்பது வேறு தொழிற்சாலை. ஆனாலும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியல் டயர் உருவாகும் ஊரில் தினமும் டீ குடிப்பதாலோ என்னவோ, கார் மாடிஃபிகேஷன் பற்றி யார் கேட்டாலும் டயரில்தான் தொடங்குவேன். கேட்க வருபவர்களின் முகம் வாடிவிடும். அவர்களுக்கு வேண்டியது எச்பி கணக்கு.

என்னுடையது பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 எச்பி, 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி. இப்படிச் சக்தி கூடிய சின்னக் கார்கள் நம் நாட்டில் வந்தவையே கொஞ்சம்தான்: 145 எச்பி அபார்த் புன்டோ, பலேனோ ஆர்எஸ், கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கைகோத்து 2018-ல் இறக்கிய டியாகோ ஜேடிபி, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வரும் ஐ20 என் லைன். பாதிக்கு மேல் இப்போது புதிதாகக் கிடைக்காது. அதனால் பையன்கள் செகண்ட்ஹேண்டில் ஒன்றைப் பிடித்து, வாங்கிய வாரமே ரீமேப்புக்கு விலை விசாரிக்கிறார்கள்.

விசாரிப்பதில் தப்பில்லை. டர்போ இன்ஜினில் சக்தியைக் கூட்டுவது அவ்வளவு சுலபம். இன்ஜினின் கணினியான ஈசியூவின் மென்பொருளை மாற்றி (ரீமேப் என்பது இதுதான்) பூஸ்ட்டை ஏற்றினால், ஒரு பாகமும் கழற்றாமலே டார்க் 220-ஐத் தாண்டும். சிக்கல் அந்தச் சக்தி போய்ச் சேரும் இடத்தில். முன்சக்கர இழுவை வண்டியில் முன்னிரண்டு டயர்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எடை பின்பக்கம் சாய்ந்து முன்பக்கம் லேசாகிறது. பிடி அதிகம் தேவைப்படும் அதே நொடியில் பிடி குறைகிறது. சாதா டிஃபரென்ஷியலோ, லேசான சக்கரம் சுழல ஆரம்பித்தால் இன்னொன்றுக்கும் அதற்கு மேல் டார்க்கைத் தராது. டிரைவ்ஷாஃப்ட் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம் பிடுங்கும். டைனோ ஷீட்டில் ஏறிய எச்பி, கவரைப்பேட்டை–சத்தியவேடு ரோட்டின் ஈரத்தில் டிராக்‌ஷன் விளக்காக மினுக்கும், அவ்வளவுதான்.

முன்சக்கர இழுவையால் வேகம் முடியாது என்பதில்லை. 2023-ல் ஹோண்டா சிவிக் டைப் ஆர் நூர்பர்க்ரிங்கின் 20.832 கிலோமீட்டரை 7 நிமிடம் 44.881 வினாடியில் முடித்தது. 300 எச்பிக்கு மேல், எல்லாம் முன்சக்கரத்தில். அதற்கு லிமிடட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் உண்டு. ஸ்டியரிங் பிடுங்காதபடி தனியாக வடிவமைத்த முன் சஸ்பென்ஷன் உண்டு. காலில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 கனெக்ட் டயர். நமக்கு இந்த மூன்றில் கைக்கெட்டுவது டயர் ஒன்றுதான்.

ஆகவே நான்கும் ஒரே ரகமாக, ஈரத்தில் பிடிக்கும் நல்ல டயராகப் போடுங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் 2023-ன் 23-வது வாரத்துச் சரக்கு. கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டுதான் மாற்றக் காசு இருக்கிறது என்றால், அலைன்மென்ட் கடைப் பையன் கட்டாயம் கேட்பான்: "வண்டி இழுக்குறது முன்னாடிதானே சார், புதுசை முன்னாடியே போட்டுரவா?" வேண்டாம் என்று சொல்லுங்கள். புது ஜோடி பின்னால் போகட்டும். டயர் கம்பெனிகள் சொல்வதும் அதுதான். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்தாலே பெரும்பாலும் வண்டி திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் ஐப்பசி மழையில் கன்டெய்னர் லாரிக்குக் குறுக்கே நிற்பீர்கள். காற்றைக் காலையில் வண்டி எடுக்குமுன் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓட்டிவந்து சூட்டோடு அளந்து, "அதிகமா இருக்கு" என்று இறக்கிவிடுகிற பங்க்குகள் நிறைய.

அடுத்ததற்கு யாரும் செலவழிக்க விரும்புவதில்லை: இன்ஜின், கியர்பாக்ஸ் மவுன்ட். ரப்பர் தளர்ந்திருந்தால் முதல் கியரில் முன்சக்கரம் தடதடவென்று குதிக்கும். அதைச் சரிசெய்தாலே வண்டி பாதி புதிதாகும். பிரேக்குக்கு நல்ல பேடும் புது ஃப்ளூயிடும் போதும். பின்னால் டிரம் இருப்பது அவமானமில்லை. ஸ்பிரிங் வெட்டி உயரம் குறைக்கும் வேலையை மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். நம் ஊர் வேகத்தடைகளை எந்த அளவுகோலும் இல்லாமல்தான் கட்டுகிறார்கள்.

பிறகு வெயில். 20 டிகிரிக் காற்றைவிட 40 டிகிரிக் காற்று ஆறு சதவீதத்துக்கு மேல் லேசு. டர்போ அதை இன்னும் அழுத்தி இன்னும் சூடாக்கும். நாக், அதாவது எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது, வரும் என்று கண்டால் ஈசியூ இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். சித்திரை மதியம் டோல்கேட் வரிசையில் நின்று புறப்பட்டால் வண்டி ஏன் மந்தமாகிறது என்பதற்குக் காரணம் இதுதான். 500 ரூபாய் ஓபிடி டாங்கிள் ஒன்றைச் செருகி இன்டேக் வெப்பநிலையைப் பாருங்கள், கண்ணாலேயே தெரியும். பெரிய இன்டர்கூலர் தேடி அலையுமுன், என் வண்டி மாதிரி தண்ணீரால் காற்றைக் குளிர்விக்கும் இன்ஜின் என்றால், அதற்கான சின்ன மின்பம்ப் ஓடுகிறதா, கூலன்ட் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் முடித்தபின்னும் ஆசை அடங்கவில்லையா, ரீமேப் செய்யலாம். என் வண்டியில் இருக்கும் டிஎஸ்ஜி என்றால் அந்தக் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. டியூனரிடம் அதற்குக் கணிசமாகக் கீழேயே நிறுத்தச் சொல்லுங்கள், குறைந்த ஆர்பிஎம்மில் டார்க்கை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். முன்டயர் பிழைக்கும், கிளட்ச்சும் பிழைக்கும். எந்தப் பெட்ரோலுக்கு மேப் எழுதுகிறார் என்று கேளுங்கள். பம்பில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ20. பல வருடத்துக்கு முன் எழுதிய மேப்பை அப்படியே ஏற்றக்கூடாது.

சட்டமும் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தமான எக்ஸாஸ்ட்தான் முதலில் மாட்டிக்கொடுக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து நடந்த அன்று கிளெய்மை முடக்கிவிடலாம். வேகம் பார்க்க ஆசை வந்தால் ஞாயிற்றுக்கிழமை சிப்காட் ரோடு காலியாகத்தான் கிடக்கும், ஆனால் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருபவர்கள் அதில்தான் வருகிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. டிராக் டே அறிவிக்கும்போது ஹெல்மெட்டோடு அங்கே போங்கள். புது பேடும் ஃப்ளூயிடும் மாற்றிவிட்டுப் போங்கள்.