டிவி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் டவுணுக்குப் போய் ஒரு டிவி எடுத்து வருவது நமது தோட்டங்களில் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அது பிறகு சம்பளத்தில் வெட்டுப்படும் காசு. கடைக்காரர் "ஃபுல் எச்டி, 4கே" என்று அடுக்கும்போது விளங்காமல் தலையாட்டினால் நட்டம் நமக்குத்தான். ஆகவே இம்முறை இதைப் பற்றிப் படிப்போம்.

டிவித் திரை சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. 'எச்டி ரெடி' என்ற பெட்டியில் பெரும்பாலும் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். ஃபுல் எச்டியில் 1920, 1080. 4கேயில் 3840, 2160. புள்ளி கூடக் கூட விலையும் கூடும்.

அப்போ படமும் தெளிவாகுமா? இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறோம். திரை எவ்வளவு காட்டும் என்பது வேறு, உள்ளே வரும் படம் எவ்வளவு என்பது வேறு. கூரையில் கட்டிய அன்டனாவில் பிடிக்கும் அனலொக் ஒளிபரப்பில் படத்துக்கு இருப்பது 576 வரிகள்தான். 4கே பெட்டி அதை இழுத்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். ஒரு போத்தல் பாலைப் பெரிய வாளியில் ஊற்றினால் இரண்டு போத்தலாகுமா? மலை மறைத்து இரைச்சல் விழுகிற இடமென்றால் அந்த இரைச்சலும் பெரிதாகவே தெரியும்.

டிஷ் உள்ளவர்கள், தங்கள் பொக்ஸும் கட்டணப் பொதியும் எச்டி தானா என்று முதலில் விசாரியுங்கள். பொக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போட்டிருந்தால் எச்டி படம் வராது. அதற்கு எச்டிஎம்ஐ வயர் வேண்டும். புது டிவியை வாங்கி, பழைய மஞ்சள் வயரையே குத்திவிட்டு "படம் சரியில்லை" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு.

லயத்து அறைக்கு 32 அங்குலம் தாராளம். அந்த அளவில், ஆறேழு அடி தள்ளி உட்கார்ந்தால் எச்டி ரெடிக்கும் ஃபுல் எச்டிக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம்.

இன்னொன்று. சில மலிவுப் பெட்டிகளின் அட்டையில் "4கே" என்று பெரிதாக அடித்திருக்கும். 4கே படத்தை அது வாங்கிக் கொள்ளும், ஆனால் திரையில் இருப்பது 768 வரிதான். பெரிய எழுத்தை விடுங்கள். 'ரெசலூஷன்' என்ற இடத்தில் உள்ள இலக்கத்தைப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போவது நல்லது.

"டிஜிட்டல் டிவி" என்று சொன்னால் எந்த முறை என்று கேளுங்கள். அன்டனா வழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு இலங்கை 2014இல் தெரிவு செய்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி முறை. இந்தியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ செய்த பெட்டியில் இருப்பது டிவிபி முறை. அப்படி ஒன்றை ஏற்கனவே வாங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம், தனியாக ஒரு பொக்ஸ் பூட்டிச் சமாளிக்கலாம்.

கடையில் ஓடும் பளபளப்பான படம் பென்டிரைவில் போட்ட விளம்பரப் படமாக இருக்கலாம். நாம் வீட்டில் பார்க்கிற சனலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.