எல்.டி.சி. (விடுப்புப் பயணச் சலுகை) போட்டுப் பனிமலைக்குப் போகிறீர்களா?

முழுப்பரீட்சை முடிந்ததும் சிக்கிம், மணாலி, காஷ்மீர் என்று கிளம்பும் நெய்வேலி டவுன்ஷிப், வளையமாதேவிக் குடும்பங்களுக்கு இது. மழை பிடித்துவிட்டால் சுரங்கத்து மேல்மண் மேட்டடியில் நாம் யாரும் நிற்பதில்லை. பனிச்சரிவிலும் அதே நிதானம் வேண்டும்.

2023 ஏப்ரல் 4 அன்று காங்டாக்–நாதுலா சாலையில் 15-வது மைல் அருகே பனி சரிந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 13-வது மைல் வரைதான் அனுமதி தரப்பட்டிருந்ததாகக் காவல்துறை சொன்னது.

செய்ய வேண்டியவை

• சண்டிகரிலுள்ள டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வு நிறுவனம் (டி.ஜி.ஆர்.இ.) பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.
• வெயில் ஏறுவதற்குள் போய்த் திரும்புங்கள். வெயில் பட்டு ஈரமேறிய பனி எளிதில் வழுக்கும்.
• காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ உடனே வந்த வழியே திரும்புங்கள்.
• சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் ஒதுங்கப் பாருங்கள். பனி நிற்பதற்குள் முகத்தைக் கையால் மூடி, மூச்சுவிட இடம் பண்ணிக்கொள்ளுங்கள்.
• உடன் வந்தவர் புதைந்தால், கடைசியாக அவரைக் கண்ட இடத்தைக் குறித்து, அதற்குக் கீழே உடனே தேடுங்கள். ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். முதல் 10 நிமிடத்தில் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் தேறினாலே அதிகம்.

செய்யக்கூடாதவை

• புதுப்பனி கொட்டிய முதல் இரண்டு நாள் சரிவுப் பக்கமே போகாதீர்கள்.
• "பனி விழுந்து வாரமாகிவிட்டதே" என்று துணியாதீர்கள். கனடாவின் வான்கூவரை ஒட்டிய கடலோர மலைகளில் ஈரப்பனி பெரும்பாலும் ஓரிரு நாளில் இறுகிவிடும். ஆனால் லடாக் போன்ற வறண்ட குளிர்மலையில் அடியிலுள்ள பொலபொலத்த அடுக்கு வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.
• 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவில் ஏறாதீர்கள், அதன் அடியில் செல்ஃபி எடுக்கவும் நிற்காதீர்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் அங்கேதான் கிளம்புகின்றன.
• கூடுதல் பணம் தந்து தடுப்பைத் தாண்டி வண்டியை ஓட்டச் சொல்லாதீர்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்கள் காவல் பணியில் இருந்தவர்கள், இடத்தைவிட்டு நகர முடியாது. சுற்றுலா போகிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சந்தேகம் வந்தால் திரும்பிவிடுங்கள்.