திட்டு இல்லாத சுகர் டெஸ்ட்

கையைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வீட்டில் சுகர் மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்கள் காரமடைப் பக்கம் வாழை விளையும் பூமி. பழம் உரித்த விரலில் ஊசி குத்திச் சொட்டு எடுத்தால், ரத்தத்துச் சர்க்கரையோடு தோலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்துகொள்ளும், நம்பர் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் தோலில் ஒட்டியது முழுதாகப் போவதில்லை.

மாசித் தேர் சமயத்தில் ரங்கநாதர் கோயிலுக்குப் போய் வந்த ஓர் ஆத்தாவுக்கு மெஷின் 312 காட்டியது. "ஏனுங்கத்தை, கோயில்ல என்னத்தத் தின்னுபோட்டு வந்தீங்க?" என்று மருமகள் ஆரம்பித்துவிட்டார். கையைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தால் 168. பிரசாதப் பழத்தைப் பேரனுக்கு உரித்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். நம்பர் இறங்கியது, ஆனால் சுண்டிப்போன அந்த முகம் நான் கிளம்பும்வரை தெளியவில்லை. அடுத்த மாதம் நான் போனபோது ஆத்தா காட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் அவர் இருமும் சத்தம் எனக்குக் கேட்டது.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வேலைக்கு வந்தவள் நான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. சுகருக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. மெஷினை எப்படிப் பிடிப்பது, எந்த அளவுக்கு மேல் போனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது என்பதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும். எப்படிப் பேசுவது என்பதை மட்டும் திண்ணைகளில்தான் படித்தேன். அதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று: திட்டு விழும் என்று தெரிந்துவிட்டால் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. உண்மை தெரியாமல் கொடுக்கும் மாத்திரை ஆளையே சாய்த்துவிடும்.

அப்படிச் சாய்ந்த ஒரு பெரியவரைச் சொல்கிறேன். கறிவேப்பிலைக் காட்டுக்காரர், எழுபதைத் தாண்டியவர். காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனால் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, கண்ணைக் கட்டியிருக்கிறது. அதனால் பாதி நாள் மாத்திரையை விட்டுவிட்டார். டாக்டர் கேட்டபோது "தப்பாமப் போடறனுங்க" என்று சொல்லிவிட்டார். இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமே. மாத்திரை போட்டும் இவ்வளவு இருக்கிறதே என்று அளவைக் கூட்டி எழுதினார்கள். மில்லுக்குப் போகும் மகன், அப்பாவின் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தார். மூன்றாம் நாள் பெரியவர் மோட்டார் ரூம் பக்கத்தில் விழுந்து கிடந்தார். உளறிய பேச்சைக் கேட்டுக் குடித்திருக்கிறார் என்று இரண்டு பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். விவரம் தெரிந்த ஒரு பெண், அவருக்கு விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தார். அதனால் பிழைத்தார்.

கிளிமிபிரைடு வகை மாத்திரைக்கு இப்படிச் சர்க்கரையை இறக்கிவிடும் குணம் உண்டு. சாப்பாடு தள்ளிப்போய், உடம்புப் பாடும் சேர்ந்தால் இன்னும் வேகமாக இறங்கும். அந்தப் பெரியவர் மாத்திரையை நிறுத்திய காரணம்தான் டாக்டருக்குத் தெரிய வேண்டிய முதல் சங்கதி. ஒரு வருசமாக அதை யாருமே அவர் வாயிலிருந்து கேட்டு வாங்கவில்லை. காரணம் தெரிந்த பிறகு மாத்திரையை மாற்றி எழுதினார்கள், மத்தியானச் சோற்றுக்கும் நேரம் சொன்னார்கள். இப்போது நன்றாக இருக்கிறார்.

"மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்று நான் எந்த வீட்டிலும் கேட்பதில்லை. அதற்கு "ஆமாங்க" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "நெறையப் பேருக்கு வாரத்துல ரெண்டு மூணு நாள் விட்டுப்போயிருதுங்க, உங்களுக்கு எப்படிங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அட அம்மிணி, எனக்கு நாலு நாள்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்புறம் "போட்டா உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்று கேட்க வேண்டும். வயிறு கலக்குகிறது, பஸ்ஸில் அவசரம் வருகிறது என்பார்கள். மெட்ஃபார்மின் வெறும் வயிற்றில் போட்டால் அப்படிச் செய்யும். சோற்றோடு போடச் சொன்னால் பலருக்குச் சரியாகிவிடும். மாத்திரைக் காசை மிச்சம் பிடிக்கிறவர்கள், பக்கத்து வீட்டில் சொன்ன பச்சிலையைக் குடிக்கிறவர்கள், கணவர் தவறிய வெசனத்தில் எதையும் தொடாமல் கிடப்பவர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம். சோம்பலால் விட்டவர்கள் மிகவும் குறைவு.

நம்பரைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். வாசலில் நின்று, மருமகளும் பக்கத்து வீட்டாரும் பார்க்க "யப்பா, 280!" என்று சத்தம் போடக் கூடாது. உள்ளே உட்கார்ந்து, அட்டையில் எழுதி, அவரிடம் காட்டுகிறேன். "இன்னைக்கு 280 இருக்குதுங்க. காய்ச்சல், புண்ணு, பல்வலி ஏதாச்சும் உண்டுங்களா? ராத்திரி தூங்குனீங்களா?" கிருமித் தொற்றும் வலியும் தூக்கக் கேடும் மனக் கவலையும், மூட்டுவலிக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையும் சர்க்கரையை ஏற்றும். ராத்திரி ஒரு டம்ளர் மோரோடு படுத்தவருக்குக் காலையில் 190 இருப்பதும் உண்டு. விடியற்காலையில் ஈரல் தன்பாட்டுக்குச் சர்க்கரையை அவிழ்த்துவிடும். "பொய் சொல்றீங்க, ராத்திரி என்னமோ தின்னிருக்கீங்க" என்று அவரைப் பிடித்துக்கொண்டால், அடுத்த தடவை அவர் டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடந்து வருவார்.

‘வாயைக் கட்டாததால் வந்தது’ என்ற பேச்சு எங்கள் ஊரில் சாதாரணம். ஆயுளெல்லாம் காட்டில் பாடுபட்டு, ஒல்லியாக இருக்கிறவர்களுக்கும் வந்திருக்கிறதே? ஈரோடு மாவட்டம் நல்லாம்பட்டி விவசாயக் கிராமம். 2015இல் கோவை மருத்துவர்கள் அங்கே ஆய்வு செய்தபோது உழைக்கிற ஊரிலேயே இந்த நோய் மலிந்து கிடப்பது தெரிந்தது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குப் 14 பேருக்கு மேல் நீரிழிவு உண்டு. பரம்பரை, பிறந்தபோது இருந்த எடை, ஒல்லியான உடம்பிலும் வயிற்றில் சேரும் கொழுப்பு, மூன்று வேளையும் அரிசியாகிவிட்ட சோறு எல்லாம் சேர்ந்து வருவது இது. இத்தனையையும் ஒரு மனிதரின் நாக்கின் மேல் போடுவது அநியாயம். பிரிட்டனில் தேசியச் சுகாதாரச் சேவை 2018இல், நீரிழிவு உள்ளவர்களிடம் பழி சொல்லாமல் பேசுவது எப்படி என்று தன் மருத்துவர்களுக்கே வழிகாட்டி வெளியிட்டது. நம் வெளிநோயாளர் பிரிவு வரிசைகளுக்கும் அப்படியொன்று வர வேண்டும்.

எனக்கு உள்ளபடியே கோபம் வருவது ஒரு மிரட்டலைக் கேட்கும்போது. "சொல்றதைக் கேக்கலைன்னா ஊசிதான் போடோணும்." பிள்ளைகள் சொல்கிறார்கள், சில மருத்துவமனைகளிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்சுலினைத் தண்டனையாகப் பத்து வருசம் சொல்லிவிட்டு, உண்மையிலேயே தேவைப்படும் நாளில் "போட்டுக்கங்க" என்றால் யார் ஒப்புவார்கள்? கால் புண் ஆறாமல் இருக்கும்போதும் ஊசி வேண்டாம் என்று அழுகிறவர்களைப் பார்க்கிறேன். நோயைக் கண்டுபிடிக்கும் நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறையப் பாதி போயிருக்கும் என்றும், வருசம் போகப் போக அது இன்னும் குறையும் என்றும் 1998இல் முடிவு வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவருக்கும் ஒரு கட்டத்தில் ஊசி தேவைப்படலாம். இதை முதல் வருசத்திலேயே, மிரட்டாமல், சாதாரணமாகச் சொல்லி வைக்கிறேன்.

குழந்தைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவில் பழி தாய் மேல் விழுகிறது. "நீதான் சாக்லேட்டாக் குடுத்துக் கெடுத்த" என்பார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது அது, மிட்டாய்க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தக் குழந்தைக்கு ஊசிதான் உயிர். கோவையில் இதயங்கள் அறக்கட்டளை இப்படிப்பட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலின் கொடுத்து உதவுகிறது. அந்தத் தாய்மார்களிடம் அதைச் சொல்கிறேன். உங்களால் வரவில்லை என்று அதற்கும் முன்னால் சொல்கிறேன்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ஒறம்பரை வந்த வீட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும் பரிமாறும்போது "அப்பாருக்கு வேண்டாம், அவருக்குச் சுகரு" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொல்லாதீர்கள். கொஞ்சம் வைத்து, பச்சைப்பயிறோ கொள்ளுக் கடைசலோ பக்கத்தில் சேர்த்துக் கொடுங்கள். ஒளித்து வைத்தால், எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்களையில் நின்றபடி மூன்று மடங்கு சாப்பிடுவார். பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் முன் நான் ஒன்று கேட்பேன். "அடுத்த மாசம் நான் வர்றதுக்குள்ள எது ஒண்ணு உங்களால ஆகுமுங்க?" என்ன செய்வது என்று அவர்களேதான் சொல்ல வேண்டும். மத்தியானம் ஒரு கரண்டி சோறு குறைக்கிறேன் என்பார் ஒருவர். டீக்குச் சர்க்கரை பாதி என்பார் இன்னொருவர். காமிக்கவே வெட்கப்பட்ட கால் வெடிப்பைக் காமிக்கிறேன் என்று ஓர் அம்மா சொன்னார். அதை அட்டையின் ஓரத்தில் எழுதி வைப்பேன். அடுத்த மாதம் மெஷினை வெளியில் எடுப்பதற்கு முன்னால் அதைப் பற்றித்தான் முதலில் பேசுவேன். நடக்கவில்லை என்றால், எது குறுக்கே வந்தது என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்வேன்.