குழாய் வரையும் முன்

தமிழ்ப்பள்ளியில் குழாய் என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் அது ‘பாய்ப்’ ஆனது. இயந்திரவியல் பொறியியல் படிக்க வந்த பின் ‘பைப்பிங் சிஸ்டம்’ என்று நீண்டுவிட்டது. பெயர் எத்தனை ஆனாலும் பொருள் ஒன்றுதானே என்ற நினைப்போடுதான் சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்குப் போனேன். கட்டடச் சேவைகளை வடிவமைக்கும் அலுவலகம் அது; ஈப்போவில், குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம்.

அங்கே எல்லாமே ரெவிட். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்து, 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குப் போன மென்பொருள். ஆட்டோகேட்டில் பெரும்பாலும் நாம் போடுவது கோடு. ரெவிட்டில் போடுவதோ தன் விட்டம், பொருள், உயரம் எல்லாவற்றையும் சுமந்திருக்கும் குழாய். நம் நாட்டில் 10 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள அரசாங்கத் திட்டங்களுக்கு ‘பிம்’ எனும் இந்த மாதிரி முறை 2019இல் கட்டாயமாக்கப்பட்டது. பொறியியல் பக்கம் வரும் தம்பி தங்கைகள் இதைத் தவிர்க்க முடியாது.

என் முதல் வேலை, மூன்று மாடி விடுதி ஒன்றின் தண்ணீர்க் குழாய்கள். கூரைத் தொட்டியிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் இழுக்க வேண்டும். இரண்டே நாளில் முடித்துப் பெருமையாகக் காட்டினேன். மேற்பார்வைப் பொறியாளர் ஒரு குழாயைச் சொடுக்கினார். வரைபடக் குறிப்பு 25 மி.மீ. பாலிஎத்திலீன் என்றது, குழாயின் பண்புகளோ கார்பன் எஃகு, ஷெட்யூல் 40 என்றன. கோப்பில் ஏற்கெனவே இருந்த குழாய் வகையை எடுத்து, குறிப்பை மட்டும் மாற்றியிருந்தேன். “மேல்மாடிக்குத் தண்ணீர் போதுமா?” என்றார். அளவு இரண்டிலும் 25தானே, போதும் என்றேன். “நன்றாக யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்” என்று போய்விட்டார்.

என் அப்பா முப்பது ஆண்டுகளாகப் பைப் வேலை செய்கிறவர். அன்றிரவு விஷயத்தைச் சொன்னதும் வீட்டுப் பின்புறத்திலிருந்து இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று பழைய ஒரு இஞ்சி இரும்புக் குழாய், மற்றது நீலக்கோடு போட்ட கறுப்புப் பாலி பைப். “ரெண்டுமே இருபத்தஞ்சுதான்மா. விரல விட்டுப் பாரு.”

இரும்புக் குழாயில் கட்டை விரல் தாராளமாகப் போனது. பாலி பைப்பில் இறுகியது.

நான்கு ஆண்டுப் பாடத்தில் பதியாதது அங்கே பதிந்தது. எஃகுக் குழாயில் 25 என்பது ஒரு பெயர்தான். ஷெட்யூல் 40இல் அதன் வெளிவிட்டம் 33.4 மி.மீ., உள்விட்டம் 26.6 மி.மீ. பாலிஎத்திலீன் குழாயில் 25 என்பது வெளிவிட்டம். சுவர் 2.3 மி.மீ. என்றால் உள்ளே 20.4 மி.மீ.தான் மிஞ்சும். தண்ணீர் போகும் பரப்பில் நூற்றுக்கு நாற்பது குறைந்துவிடுகிறது. அதே அளவு தண்ணீர் போக வேண்டுமானால் வேகம் 1.7 மடங்காகும். உராய்வால் ஏற்படும் இழப்போ விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. பாலி பைப்பின் உட்புறம் வழவழப்பானது என்பதைக் கணக்கில் எடுக்காவிட்டால், இழப்பு மூன்று மடங்கையும் தாண்டும். கூரைத் தொட்டிக்கு அருகில் இருக்கும் மேல்மாடிக்குத்தான் அழுத்தம் குறைவு. தொட்டி நீர் 3 மீட்டர் உயரத்தில் நின்றால் கிடைப்பது சுமார் 0.3 பார். அதிலும் கை வைத்தால் பூவாளியில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும்.

பாட்டி பத்து காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்தில் கடைசி வீடு. முன்வீடுகளில் எல்லாரும் குழாயைத் திறந்தால் இவர் வாளி நிறைய அரை மணி நேரமாகுமாம். தோட்ட வீடுகளுக்கு முதலாளி இலவசமாகப் போதிய குழாய்நீர் தர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. ஆனால் ‘போதிய’ என்பது கடைசி வீட்டின் குழாயில் தெரிய வேண்டியது.

மறுநாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடியிலிருந்து தொடங்கினேன். முதலில் ‘மெக்கானிக்கல் செட்டிங்ஸ்’. அதில் ‘செக்மென்ட்ஸ் அண்ட் சைசஸ்’ என்ற அட்டவணை இருக்கிறது. பாலிஎத்திலீனுக்குப் புதிய செக்மென்ட் உருவாக்கி, பெயரளவு, உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் தயாரிப்பாளர் கையேட்டைப் பார்த்து வரிவரியாக உள்ளிட்டேன். அலுப்பான வேலைதான். ஆனால் அழுத்த இழப்பைக் கணக்கிட ரெவிட் எடுத்துக்கொள்வது இங்கே எழுதிய உள்விட்டத்தைத்தான். நாம் தப்பாக எழுதினால் அது தப்பை மிகத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தரும்.

பிறகு குழாய் வகையை நகலெடுத்துப் புதுப்பெயர் வைத்து, ‘ரூட்டிங் பிரிஃபரன்ஸ்’ பகுதியில் அந்தச் செக்மென்டையும், அதற்குரிய எல்போ, டீ, ரெடியூசர் ஆகியவற்றையும் அமர்த்த வேண்டும். எல்போவை விட்டுவிட்டால் திருப்பத்தில் மென்பொருள் முரண்டு பிடிக்கும். இரும்பு எல்போ உட்கார்ந்திருந்தாலோ முரண்டே பிடிக்காது, பொருள் பட்டியலில்தான் மாட்டிக்கொள்வோம். கடைசியாக ‘சிஸ்டம் டைப்’. குளிர்நீர், வெந்நீர், கழிவுநீர் என்று பிரித்து நிறம் கொடுத்தேன்.

கழிவுக் குழாய்க்குச் சரிவையும் முன்கூட்டியே பதிய வேண்டும். எனக்குக் கொடுத்தது 1:40, அதாவது 10 மீட்டருக்கு 250 மி.மீ. இறக்கம். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் இதை ‘வாட்டம்’ என்கிறார்கள். என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். முதலில் தட்டையாக வரைந்து பிறகு வாட்டம் கொடுக்க முயன்று நான் அவிழ்த்த இணைப்புகள் கொஞ்சமல்ல.

இத்தனைக்கும் ஒரு நாள் முழுதும் போனது. குழாய் வரைய அரை நாள்தான். மேல்மாடிக்கு 32 மி.மீ. வேண்டும் என்று கணக்கு வந்தது, பொறியாளர் ஒப்புக்கொண்டார்.

அலுவலகத்தில் அனுமதி வாங்கி அந்தப் படத்தை வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். முப்பரிமாணத்தில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு. ஒரு பாத்ரூம்ல ரிப்பேர்னா மாடி முழுக்கத் தண்ணிய நிறுத்துவாங்களா? தனி வால்வு எங்கம்மா?”

வால்வே வைக்கவில்லை. அன்றிரவு ஒன்பது குளியலறைக்கும் ஒவ்வொன்றாக வைத்தேன்.