குழந்தையின் காதில் சீழ் வடிந்தால்

குழந்தையின் காதில் சீழ் வடிவதை நம் கிராமங்களில் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. 'வளர்ந்தால் தானே நின்றுவிடும்' என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் நாட்பட்ட சீழினால் காது மந்தமாகிவிடக்கூடும். செவி கேளாத சிறுவன் ஆசிரியர் சொல்வதை அறியாமல் பின்தங்குகிறான். அறிவற்றவன் என்ற பழியும் அவனைச் சேருகிறது. ஆகவே இந்நோயைப் பற்றி நாம் அறிந்துகொள்வது அவசியம்.

நோய் வரும் வழி

மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதிற்கு ஒரு சிறு குழல் செல்கிறது. குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும், ஏறக்குறையப் படுக்கைவாட்டிலும் அமைந்துள்ளது. எனவே சளி பிடிக்கும்போது நோய்க் கிருமிகள் எளிதில் நடுக்காதை அடைகின்றன. அங்கே கட்டிய சீழ் செவிப்பறையை அழுத்துவதால் கடும் வலி உண்டாகிறது. பறை கிழிந்து சீழ் வெளிவந்ததும் வலி தணிகிறது. வலி போனதால் நோயும் போயிற்று என்று கருதலாகாது.

சிகிச்சை முறை

சீழ் எத்தனை நாட்களாக வடிகிறது என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறவேண்டும். 14 நாட்களுக்குக் குறைந்த நோய்க்கு உட்கொள்ளும் மருந்து தருவது வழக்கம். அதற்கு மேற்பட்டதாயின், காதை உலர்த்திச் சொட்டு மருந்து இடுவதே முதன்மையான சிகிச்சை. சீழ் நிறைந்த காதினுள் மருந்து இறங்காது. ஆதலால் உலர்த்துவது மருந்தைப் போலவே முக்கியமானது.

சுத்தமான பருத்தித் துணியைத் திரியாகத் திரித்துக் காதில் மெல்ல வைக்கவேண்டும். நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு திரி வைக்கவேண்டும். திரி நனையாமல் வரும்வரை இவ்வாறு செய்து, பின்னர் மருத்துவர் தந்த சொட்டு மருந்தை விடலாம். நாள்தோறும் மூன்று முறை, இரண்டு வாரம் இதனைச் செய்தல் வேண்டும். திரியைக் காதிலேயே விட்டுவிடக் கூடாது.

செய்யத் தகாதவை

காய்ச்சிய எண்ணெய், பச்சிலைச் சாறு ஆகியவற்றைக் காதில் ஊற்றக்கூடாது. தீக்குச்சி, கோழி இறகு கொண்டு குடையலாகாது. சீழ் நின்று காது ஆறும்வரை கிணற்றிலும் குளத்திலும் நீந்தவிடக் கூடாது.

காதின் பின்புறம் வீங்கினாலும், முகம் ஒருபுறம் கோணினாலும், காய்ச்சலுடன் வாந்தியோ மயக்கமோ கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். துர்நாற்றத்துடன் சீழ் தொடர்ந்து வடிந்தால் காது மருத்துவ நிபுணரிடம் காட்டுவது அவசியம்.

பஞ்சாயத்தின் கடமை

மத்திய அரசு 2013ஆம் ஆண்டில் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டிற்கு இருமுறையும், அரசுப் பள்ளி மாணவர்களை ஒருமுறையும் பரிசோதிக்க வேண்டும். காது நோயும் அப்பரிசோதனையில் அடங்கும். குழு வரும் நாளை முன்னதாகக் கேட்டறிந்து ஊராருக்குத் தெரிவிப்பதும், காதில் சீழுள்ள குழந்தை அன்று விடுபடாமல் பார்ப்பதும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் எளிதில் செய்யக்கூடிய தொண்டு. தட்டம்மைத் தடுப்பூசியும் நிமோனியாத் தடுப்பூசியும் உரிய காலத்தில் போடச் செய்தால் காது நோயும் ஓரளவு குறையும்.

ஒரு முழத் துணியும், சிறிது பொறுமையும், காலத்தில் பெற்ற மருந்தும் ஒரு குழந்தையின் செவியைக் காக்க வல்லன. அச்செவியைக் காப்பது அதன் கல்வியையும் காப்பதாகும்.