தேய்த்தால் போகாத கறை

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 24. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். என் முன்பற்கள் நான்கிலும் குறுக்கே பழுப்புக் கோடு இருக்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்தே இப்படித்தான். அண்ணனுக்கும் இருக்கிறது, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பலருக்கும் இருக்கிறது. தை மாதம் எனக்குக் கல்யாணம். நிச்சயதார்த்த போட்டோ ஒன்றில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை. போனில் வீடியோ பார்த்து இரண்டு மாதமாக எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து தேய்த்தேன். நடுவில் கரிப் பொடியும் வாங்கித் தேய்த்தேன். ஆரம்பத்தில் வெளுத்த மாதிரி தெரிந்தது. இப்போது பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது, கோடு மட்டும் அப்படியே இருக்கிறது. டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் லைட் வைத்து ஒரே நாளில் வெள்ளையாக்கித் தருகிறார்களாம், போகலாமா? பிளீச்சிங் செய்தால் பல் கெட்டுவிடுமா? பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடால்தான் கறை வந்தது என்று ஒருவர் சொன்னார், அதையும் நிறுத்திவிட்டேன். எனக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்கும் இது வருமோ என்று பயமாக இருக்கிறது. அண்ணன் மகளுக்கு மூன்று வயது. அவள் பல் முத்து மாதிரி இருக்கிறது.
— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: முதலில் அந்த எலுமிச்சம்பழத்தைச் சாப்பாட்டு மேசைக்கே திருப்பி அனுப்புங்கள் அம்மா. இன்றைக்கே. மற்றதை எல்லாம் நிதானமாகப் பேசலாம், அதற்கு நேரம் இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெயரையும், அண்ணனுக்கும் கூடப் படித்தவர்களுக்கும் அதே கோடு இருப்பதையும் படித்தவுடனே இது பெரும்பாலும் ஃபுளோரோசிஸ்தான் என்று தோன்றியது. பல்லைப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். ஆனாலும் வெற்றிலை, டீ, புகையிலைக் கறை இப்படி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு போட்டது போல நிற்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. அந்தப் பாறை இடுக்கில் காலகாலமாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் பக்கத்தில் அதைத் தாண்டிய போர்க் கிணறுகள் நிறைய.

உங்கள் முன்பற்கள் ஈறுக்கு வெளியே தலைகாட்டியது ஆறு வயதுக்குப் பிறகு. அவற்றின் எனாமல் உருவானதோ நீங்கள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து நாலைந்து வயது வரைக்கும். அந்த வருடங்களில் குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால், எனாமலைக் கட்டும் செல்களின் வேலை தடுமாறுகிறது. கட்டி முடித்த எனாமல் உள்ளுக்குள் நுண்ணிய ஓட்டைகளோடு நின்றுவிடுகிறது. பல் வெளியே வந்த பிறகு அந்த ஓட்டைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகிறது. ஆக, நீங்கள் காலையில் பிரஷ் பிடிக்கும் விதத்துக்கும் இந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல் தேய்க்காத பெண் என்று ஊரார் பேசிவிடுவார்களோ என்று கூனிக் குறுகி வந்து என் நாற்காலியில் உட்காரும் பெண்களை எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். ஒரு நாளும் நீங்கள் அப்படி நினைக்காதீர்கள்.

இப்போது, தேய்த்ததால் நடந்தது என்ன என்று பார்ப்போம். எனாமல் என்பது கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு மேலோடு. அதற்குள்ளே இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள் சாயல் கொண்டது. நாம் பல்லின் நிறம் என்று சொல்வது மேலோட்டின் வழியாகத் தெரியும் அந்த உள்நிறத்தைத்தான். மேலோடு தேயத் தேயப் பல் இன்னும் மஞ்சளாகத்தான் தெரியும். தேய்ந்த எனாமல் தோல் போலவோ எலும்பு போலவோ திரும்ப வளராது, அதைக் கட்டிய செல்கள் பல் முளைத்ததோடு மறைந்துவிட்டன.

எலுமிச்சைச் சாறு கடுமையான அமிலம். அமிலக் குறியீடு (pH) 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கிறது. முதலில் வெளுத்தது போல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அது உங்கள் பிரமை அல்ல. அமிலம் அரித்த எனாமல் பளபளப்பை இழந்து சுண்ணாம்பு பூசியது போல வெளிறித் தெரியும். வெள்ளைச் சட்டை வெளுத்துவிட்டது என்று நினைத்தோம், உண்மையில் நூலே நைந்து போயிருக்கிறது. சோடா உப்பு தனியாக அவ்வளவு கரடு கிடையாது. ஆனால் அமிலத்தில் இளகிய பரப்பின் மேல் பிரஷ்ஷும் கரியும் சேர்ந்து உராயும்போதுதான் சேதம். கரிப் பொடி பல்லை வெண்மையாக்கும் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழ் 2017-இல் வெளியிட்ட மீளாய்வு சொல்கிறது. நம் பாட்டிமார் உமிக்கரியும் செங்கல் பொடியும் தேய்த்தவர்கள்தான். அவர்கள் பல்லின் வெளிப்பக்கத்தை ஈறோரமாகப் பாருங்கள், விரல் ஓடிய பள்ளம் தெரியும்.

பார்லருக்குப் போகாதீர்கள். பதிவு பெற்ற பல் மருத்துவர் அல்லாதவர் பல் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி தவறு. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை அந்த ஜெல்தான். பல் மருத்துவமனையில் உட்கார வைத்துச் செய்யும் பிளீச்சிங்குக்கு 35 முதல் 40 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு போகும். ஈறின் மேல் தடுப்புப் பூச்சு இல்லாமல் அது பட்டால் வெந்து வெளுத்துவிடும். ஏற்கெனவே கூசும் பல்லில் வைத்தால் அன்று இரவு தூங்க மாட்டீர்கள். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு, முன்பல்லின் பின்பக்கம் சொத்தை இருந்ததை யாருமே பார்க்காமல் ஜெல் தடவியிருந்தார்கள். கடைசியில் வேர் சிகிச்சை வரை போக வேண்டியதாயிற்று.

முறையாகச் செய்யும் பிளீச்சிங் பல்லைக் கெடுக்காது. பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்துவிடுகிறது. சில நாள் கூச்சம் வரும், போய்விடும். எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது வீட்டு முறை: உங்கள் பல்வரிசைக்கு அச்சு எடுத்து, மெல்லிய ட்ரே செய்து, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லைச் சிறு துளிகளாக வைத்து இரவில் போட்டுக்கொண்டு தூங்குவது. இரண்டு அமெரிக்கப் பல் மருத்துவர்கள் 1989-இல் எழுதி வெளியிட்ட முறை இது, இன்று வரை நிலைத்து நிற்கிறது. மெதுவாகத்தான் வெளுக்கும், அந்த மெதுவில்தான் பத்திரம் இருக்கிறது.

ஆனால் உங்கள் பல்லுக்கு நேராக பிளீச்சிங்கில் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். ஃபுளோரோசிஸ் பல்லில் பழுப்போடு வெள்ளைத் திட்டுகளும் இருக்கும். பிளீச் செய்த முதல் சில நாளில் அந்தத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரிந்து, பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். கறை மேலாக இருந்தால் முதலில் மைக்ரோஅப்ரேஷன் செய்வேன். எப்படி என்று சொல்கிறேன், பயம் போகும். ஈறும் உதடும் மூடும்படி ஒரு ரப்பர் விரிப்பு, அதில் குத்திய துளைகள் வழியாகப் பல் மட்டும் வெளியே நிற்கும். கண்ணுக்குக் கண்ணாடி. குறைந்த வீரியமுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிலிக்கான் கார்பைடு துகளும் கலந்த குழம்பைப் பல்லில் வைத்து, மெதுவாகச் சுழலும் ரப்பர் கிண்ணத்தால் சில விநாடி தேய்ப்போம். கழுவுவோம். பல்லை ஈரமாக வைத்தே பார்ப்போம், காய்ந்தால் கறை பெரிதாகக் காட்டும். மறுபடி சில விநாடி. ஒவ்வொரு முறையும் போவது மயிரிழையை விட மெல்லிய படலம். கோடு கரைந்து வருவதைக் கையில் கண்ணாடி கொடுத்துப் பார்க்கச் சொல்வது என் வழக்கம். அமிலம் கெடுதல் என்று சொல்லிவிட்டு நீங்களும் அமிலம்தானே வைக்கிறீர்கள் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். எவ்வளவு எடுக்கிறோம் என்று அளந்து, கண்ணால் பார்த்து, ஒரே தடவையில் முடித்து, உடனே ஃபுளோரைடு பூசி மூடுகிறோம். இரண்டு மாதம் தினமும் கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை.

அதற்குப் பின் இரண்டு வாரம் ட்ரே பிளீச்சிங் செய்தால் மீதிக் கறையும் திட்டும் ஒன்றோடொன்று கலந்து மங்கும். எங்காவது குழி இருந்தால் பல் நிற காம்போசிட் வைத்து நிரப்பலாம், ஆனால் பிளீச்சிங் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான். உடனே வைத்தால் ஒட்டாது. ஏற்கெனவே அடைத்த பல்லோ கேப் போட்ட பல்லோ பிளீச்சிங்கில் நிறம் மாறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கறை ஆழமாக இறங்கியிருந்தால் கடைசி வழி வெனீர் எனும் மெல்லிய ஓடு. பல்லின் முன்பக்கத்தைச் சீவித்தான் பெரும்பாலும் அதை ஒட்டுவார்கள், சீவியது திரும்பாது, சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டியிருக்கும். 24 வயதில் எடுத்தவுடன் வெனீர் என்று சொல்பவரிடம், வேறு வழியே இல்லையா என்று இரண்டாவது முறை கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கூச்சம் அடங்க வேண்டும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டை மூன்று, நான்கு வாரம் போடுங்கள், மென்மையான பிரஷ்ஷால். அழுத்தாமல். பழச்சாறு, கோலா குடித்தால் வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் பிரஷ் தொட வேண்டும். பற்காரை இருந்தால் க்ளீனிங் செய்துகொள்ளுங்கள். க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். காரை ஈறைத் தின்று பல்லை ஏற்கெனவே ஆட வைத்திருக்கும், பிடித்துக்கொண்டிருந்த காரை போனதும் அந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவே. தைக்கு மூன்று மாதம் இருந்தால் எல்லாவற்றுக்கும் நேரம் போதும். சிகிச்சை கல்யாணத்துக்குப் பிறகு தள்ளிப்போனால், கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பிளீச்சிங் வேண்டாம்.

பேஸ்ட்டை நிறுத்தியது தவறு. உங்கள் எனாமல் கட்டி முடிந்து பல வருடம் ஆகிவிட்டது, இனி எந்த ஃபுளோரைடும் அதில் புதுக் கோடு போட முடியாது. அரித்துப்போன பரப்பைக் கொஞ்சமாவது இறுக்கித் தருவது அந்த ஃபுளோரைடுதான். காலையும் இரவும் ஃபுளோரைடு பேஸ்ட் போடுங்கள்.

குழந்தையைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். இது பரம்பரை நோய் இல்லை. உங்கள் ரத்தத்தில் ஃபுளோரைடு இருந்தாலும் தாய்ப்பாலில் மிகக் கொஞ்சம்தான் இறங்கும். பவுடர் பாலை போர் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால்தான் ஆபத்து.

உங்கள் அண்ணன் மகளுக்கு இப்போதே ஆபத்து இருக்கிறது அம்மா, இந்தக் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான். முத்துப் போல இருப்பவை பால்பற்கள், அவற்றில் இந்தக் கறை பெரும்பாலும் வெளியே தெரியாது. அவளுடைய நிரந்தரப் பற்கள் இந்த நிமிடம் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. எட்டு வயது வரை அது நடக்கும்.

தண்ணீரை மாற்றினாலே இதைத் தடுக்கலாம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் இந்தக் கறையைப் பார்த்து முப்பது வருடம் காரணம் தேடி அலைந்தார். 1923-இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்ற ஊருக்குப் போனபோது, ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வந்தது என்று பெற்றோர்கள் சொன்னார்கள். அந்தக் குழாயை விட்டுவிட்டுப் பக்கத்து ஊற்றுத் தண்ணீருக்கு மாறச் சொன்னார். சில வருடத்தில் அங்கே கறையில்லாத பற்கள் முளைத்தன. ஃபுளோரைடுதான் காரணம் என்று தெரிந்தது 1931-இல். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் 1937-இலேயே இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். நம் பக்கத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து சேர்ந்தது 2013-இல்.

அந்தத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் குடித்துவிட்டு, வராத நாளில் போர் தண்ணீருக்குப் போவதும், குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சோறு பொங்கப் போர் தண்ணீர் என்று பிரித்து வைப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. சோறும் பருப்பும் தண்ணீரை உறிஞ்சித்தான் வேகின்றன. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறிவாகும். மண்பானையும் சாதாரண ஃபில்டரும் அதைப் பிடிக்காது. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை எடுத்துவிடும். குழந்தைக்குக் கட்டன் டீ வேண்டாம், டீத்தூளிலும் ஃபுளோரைடு உண்டு. பேஸ்ட்டை அரிசி மணி அளவுக்கு மேல் வைக்காமல், விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சுத்தமாகக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் போர் தண்ணீர் பிடித்து, ஃபுளோரைடு அளவு பார்க்க வேண்டும் என்று சொல்லி அண்ணனைக் கொடுத்துவரச் சொல்லுங்கள். முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். அவளுக்குச் சோறு வடிக்கும் தண்ணீரை இன்று மாலையே மாற்றிவிடுங்கள்.